திகதி மட்டும்

மார்கழி மழைக்குள் ஒரு செவ்வாய்
திரை கறுத்துப்போனது.
மூலையில் ஒரு வரி:
இந்தப் பிரதி அசல் அல்ல.
எனக்குத் தெரியாதா,
வவுனியாவில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய சீடி,
மார்க்கர் பேனையால் இலக்கம் எழுதியது.

ஒட்டுசுட்டான் சந்தியில் என் கடை.
போட்டோக்கொப்பி, பாஸ்போட் படம், படிவங்கள்.
பிரதேச செயலகத்துக்குப் போகிறவர்கள்
போகும்போது ஒருதரம்,
ஏதோ குறைகிறதென்று திருப்பி அனுப்பினால்
இன்னொருதரம் வருவார்கள்.
நான் பிழைப்பது அந்த இரண்டாந்தரத்தில்.

லைசன்ஸ் விலை கேட்டேன்.
கேட்டுவிட்டு போனை வைத்தேன்.
அந்தக் காசுக்கு ஒரு ஏக்கர் உழலாம்.

முத்தையன்கட்டு நிரூஜா
பென்டிரைவ் ஒன்று கொண்டுவந்தாள்.
"லினக்ஸ் அக்கா. காசில்லை."

காசில்லை என்ற சொல்லுக்கு
எங்கள் பக்கம் கொஞ்சம் கூச்சம் உண்டு.
சும்மா வந்த வாளியில் முத்திரை இருந்தது.
தறப்பாளில் இருந்தது.
கோழிக்குஞ்சு தந்தவர்கள்
கூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.
"ஆர் தாறது? எங்கை கையெழுத்து?"
"ஒருத்தரும் வரமாட்டினம் அக்கா."
அன்று பின்னேரம் முழுக்க
வாசலைப் பார்த்தபடி இருந்தேன்.
ஒருத்தரும் வரவில்லை.

இருபத்தைந்து நிமிடம்.
கறண்ட் போகவில்லை, அதுதான் அதிசயம்.
மொழி கேட்டது. தமிழ் என்றேன்.
மிச்சத்தைத் தமிழிலேயே கேட்டது.
வரைபடத்தில் ஊரைத் தொடச் சொன்னது.
ஒட்டுசுட்டானைத் தொட்டேன்,
கொழும்பு என்று எழுதிக்கொண்டது.
இன்னொருதரம் தொட்டேன்.
கொழும்பு.

பிரிண்டர் வயரைச் செருகினேன்.
சீடி கேட்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டது.
ஸ்கானர்தான் நாலு நாள் முறைத்தது.
போனில் கண்ட கட்டளையை
எழுத்தெழுத்தாய்ப் பார்த்து அடித்தேன்.
அனுமதி மறுக்கப்பட்டது என்றது.
அந்த வசனத்துக்கு நான் புதியவள் இல்லை.
கடவுச்சொல் கேட்டது.
அடிக்க அடிக்க ஒரு புள்ளிகூட விழவில்லை,
கீபோட் செத்துப்போச்சென்று திட்டினேன்.
அது எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
வெளியில் காட்டாமல்.

அரிசி ஆலைத் தயாளராசா
பற்றுச்சீட்டு மூன்று பிரதி எடுத்தார்.
திரை மாறியதைக் காணவில்லை,
கீழே பொத்தான்கள் இடம் மாறியதையும்.
எண்ணிப் பார்த்துக் காசு வைத்தார், போனார்.
ஒரு மென்பொருளுக்கு
இதைவிட நற்சாட்சிப் பத்திரம் ஆர் எழுதுவது?

வியாழன் அருந்தவச்செல்வி வந்தா.
பிளாஸ்டிக் பைக்குள் பை,
அதற்குள் துணி, அதற்குள் பென்டிரைவ்.
திறந்தேன்.
அரைப்புள்ளி, ஆங்கில எழுத்து, அடைப்புக்குறி,
கொட்டிப்போன குப்பை மாதிரி ஒரு பக்கம்.
"பிள்ளையின்ர பேர் எங்கை?"

பாமினியில் அடித்த கடிதம்.
இந்தப் புது வீட்டுக்குப் பாமினியைத் தெரியாது.
"இஞ்சைதான் இருக்கு" என்றேன்,
முழுக்க நம்பாமல்.
பழைய கோப்புறைகளைக் கிண்டி
எழுத்துருவைக் கண்டுபிடித்தேன்.
இரண்டு தட்டு.
நிறுவவா? நிறுவு.
மூடித் திறந்தேன்.

பேர் வந்தது.
படித்த பள்ளிக்கூடம் வந்தது.
கடைசியாய்க் கண்ட இடம்,
சேட்டின் நிறம்,
மாண்புமிகு என்று தொடங்கும் மேல்வரி.

"திகதியை மட்டும் மாத்தும்."
போன வருசமும் இதையே சொன்னவ.
மாற்றினேன்.
ஐந்து பிரதி. காசு வாங்கவில்லை,
மேசையில் வைத்துவிட்டுத்தான் போனா.
போகமுன் திரையைக் குனிந்து பார்த்தா.
"புதுசோ?"
"பழைய பெட்டிதான் அக்கா."
"ம். வேலை செய்யுது."

மூடப் போனேன்,
கணினி ஒரு கேள்வி கேட்டது:
புதிய வடிவத்துக்கு மாற்றவா,
உள்ள வடிவத்திலேயே வைத்திருக்கவா?

கொஞ்ச நேரம் மவுசில் கை.
வெளியே முல்லைத்தீவு பஸ் ஹோன் அடித்தது.

வைத்திரு என்று அழுத்தினேன்.